மாமாவின் காலை விசில்

என் எக்கோ மெஷினின் கைப்பிடியில் ஒரு விசில் தொங்குகிறது. பித்தளை விசில். வாய் வைக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைப் பூச்சு தேய்ந்து உள்ளேயிருக்கும் மஞ்சள் தெரியும். கறுப்புக் கயிறு வியர்வை ஊறி ஊறி விறைத்துப் போயிருக்கிறது. படுக்கையில் ஏற வருகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது அதுதான். பெரும்பாலும் பேசாமல் படுத்துவிடுவார்கள். நெஞ்சைச் சோதிக்க வந்தவர்களுக்கு அவரவர் பயமே போதும். விளாத்திகுளத்தில் மிளகாய் மூட்டையை இறக்கிவிட்ட கையோடு வந்த ஒருவர் மட்டும், "என்ன தாயி, மூச்சப் பிடிக்காதவனுக்கு விசில் அடிப்பீகளோ?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க மாமாவோடது" என்றேன். அதற்கு மேல் சொல்ல அன்று நேரமில்லை, வாசலில் கூட்டம்.

மாமா என்றால் என் வீட்டுக்காரரின் அப்பா. தீப்பெட்டி ஆபீசில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் கோவில்பட்டியில் யாரிடமாவது போர்மேன் வீடு எது என்று கேட்டால் முழிப்பார்கள். அம்பயர் வீடு என்றால் தெருமுனை வரை கூடவே வந்து காட்டுவார்கள். எங்கள் ஊரில் அம்பயர் என்றால் கிரிக்கெட் என்று யாரும் நினைப்பதில்லை. ஹாக்கிதான். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எல்லோரும் நகையையும் நட்சத்திரத்தையும் பேசிக்கொண்டிருக்க, மாமா என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "ஹாக்கி பாப்பியாம்மா?" இல்லை என்றேன். "பரவால்ல, பழகிக்கிடலாம்" என்றார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அத்தை தட்டை மாற்றிவிட்டார்.

நான் எக்கோ எடுப்பதில் மாமாவுக்கு இருந்த பெருமை சில சமயம் எனக்கே கூச்சமாக இருக்கும். "எங்க மருமக ஆளப் படுக்கப்போட்டு உள்ள ஓடுத ரத்தத்தையே பாத்துரும்" என்று டீக்கடையில் சொல்லிவைத்திருப்பார். வழியில் பார்ப்பவர்கள் என்னிடம் கையை நீட்டி, இந்த வீக்கம் எதனால் என்று கேட்பார்கள். அவ்வளவு பெருமை இருந்தும் எங்களுக்குள் பேச்சு குறைவு. மாமா கூடத்தில் இருந்தால் நான் நாற்காலியில் உட்கார மாட்டேன். நான் சமையலறையில் இருந்தால் அவர் நிலைப்படிக்கு அப்பால் நின்று செருமிவிட்டுத்தான் தண்ணீர் கேட்பார். யாரும் போட்ட சட்டமில்லை, வீட்டில் அப்படிப் பழகியிருந்தது. மத்தியானச் சாப்பாட்டை சைக்கிளில் அவர்தான் கொண்டுவருவார். ஸ்கேன் அறைத் திரைக்கு வெளியே நின்று ஒரு செருமல், கேரியர் பெஞ்சில் வைக்கும் சத்தம், அவ்வளவுதான். உள்ளே எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

புது மெஷின் வந்த அன்றுதான் எல்லாம் மாறியது. மதுரையிலிருந்து வந்திருந்த கம்பெனி ஆள், பழைய மெஷினில் இல்லாத ஒரு அளவு இதில் வருகிறது, யாராவது படுத்தால் செய்து காட்டுகிறேன் என்றார். அன்று பார்த்து நோயாளிகள் எல்லாம் போயிருந்தார்கள். டாக்டரம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். வெளியே செருமல் கேட்டது.

"அண்ணாச்சி, உள்ள வாங்க. சும்மா செத்த நேரம் படுங்க, ஒரு படம் எடுத்துப் பாக்கணும்" என்று டாக்டரம்மா திரையை விலக்கினார்.

மாமா உள்ளே வந்து படுக்கையைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். "சட்டையக் கழத்தணுமோ?"

"கழத்தாம எப்படி?"

"மருமக முன்னாலயா?"

எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது. எக்கோ எடுப்பது எட்ட நின்று செய்கிற வேலை இல்லை. படுத்திருப்பவரின் நெஞ்சுக்கு மேலே கையைச் சுற்றிப் போட்டு, விலா எலும்புகளுக்கு நடுவே படம் பிடிக்கும் புரோபை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஊரிலுள்ள அத்தனை பேர் நெஞ்சிலும் வைத்த கை அன்று புரோபை டாக்டரம்மாவிடம் நீட்டியது. "டாக்டரம்மா, நீங்களே வைங்களேன்" என்றேன். "தினம் எடுக்கப் போறது நீயா நானா?" என்று அவர் கையைக் கட்டிக்கொண்டார். கடைசியில் மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். சட்டையைக் கழற்றித் துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். நான் ஜெல்லைத் தடவி, மெஷின் திரையை மட்டும் பார்த்தபடி கையைத் துண்டுக்குள் விட்டேன். இப்படியாக நான் என் மாமனாரின் முகத்தை நன்றாகப் பார்ப்பதற்கு முன்னால் அவருடைய இருதயத்தைப் பார்த்துவிட்டேன்.

"மூச்ச இழுத்து, வெளிய விட்டு, அப்படியே பிடிங்க மாமா" என்றேன். பிடித்தார். படம் கண்ணாடி மாதிரி வந்தது. அந்தத் தெளிவில் இருதயத்தின் இடது மேலறை மட்டும் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. அளந்தேன், பெரிதுதான். இன்னொரு கோணத்தில் வைத்து அளந்தேன், அதிலும் பெரிது. அப்படியே பார்த்துக்கொண்டிருந்ததில் பக்கத்தில் ஏதோ புஸ்ஸென்று சத்தம் கேட்கத் திரும்பினால், மாமா முகம் சிவந்து கன்னம் உப்பிக் கிடந்தார். "விடுங்க மாமா, விடுங்க!" என்று பதறினேன். ஒரு பெரிய மூச்சு விட்டுவிட்டு, "நீ விடச் சொல்லலையேம்மா" என்றார். விசில் ஊதினால் நிற்பதும் மறுபடி ஊதினால் ஓடுவதுமாகப் பழகிய மனிதர்.

மேலறை பெரிதாக இருப்பதைப் பார்த்து டாக்டரம்மா முதலில் பதறவில்லை. வருடக்கணக்காக ஓடிப் பழகியவர்களுக்கு இருதயமும் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும், அது கெடுதல் இல்லாமலும் இருக்கலாம் என்றார். கம்பெனி ஆள் காட்ட வந்த புது அளவு அதைப் பற்றியதுதான். அறை எவ்வளவு பெரிது என்பதோடு, ரத்தம் வந்து நிறையும்போது அதன் சுவர் எவ்வளவு இழுபடுகிறது என்பதையும் அது சொல்லும். ஓடி ஓடிப் பெருத்த அறை என்றால் நன்றாக இழுபட்டுத் திரும்ப வேண்டும். மெஷின் திரையில் மாமாவுக்கு ஏறி இறங்க வேண்டிய கோடு பாதி உயரம்கூட ஏறவில்லை. நாட்பட்ட பாவாடை எலாஸ்டிக் போல அந்தச் சுவர் தொய்ந்திருந்தது. டாக்டரம்மா கையைக் கட்டியிருந்ததை அவிழ்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு ஈசிஜி எடுக்கச் சொன்னார். துடிப்பு ஒரே சீராக, கடிகாரம் மாதிரி இருந்தது.

மாமா சட்டைப் பித்தானைக் கடைசி வரை போட்டு முடிக்கும் வரை காத்திருந்து டாக்டரம்மா சொன்னார். இப்போது துடிப்பு சரியாக இருக்கிறது. ஆனால் மேலறை இப்படித் தொய்ந்தவர்களுக்குத் துடிப்பு என்றைக்காவது தாறுமாறாகப் போவதற்கு வாய்ப்பு கூடுதல். அப்படிப் போகும்போது மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகலாம். கட்டி தலைக்குப் போனால் ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிடும், வாய் கோணிவிடும். வந்தே தீரும் என்று சொல்லவில்லை, வரலாம் என்று இந்த அளவு சொல்கிறது. இந்த அளவை மட்டும் நம்பி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுக்க முடியாது. துடிப்பு தப்புவதைக் கையும் களவுமாகப் பிடித்தால் கொடுக்கலாம். அதற்கு ஒரு பகல், ஒரு இரவு நெஞ்சில் சின்ன மெஷின் ஒன்றை மாட்டிக்கொண்டு நடமாட வேண்டும்.

மாமா பொறுமையாகக் கேட்டார். பிறகு, "டாக்டரம்மா, பந்து கோட்டத் தாண்டினாத்தான் கோலு. தாண்டும்போல இருக்குன்னு நான் விசில் ஊதினா, கிரவுண்டுல எவன் என்னைய உசிரோட விடுவான்?" என்றார். டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் தினமும் பார்க்கிறவள். வாய் கோணியபின் பிள்ளைகள் தாங்கிக்கொண்டு வரும் எத்தனையோ பேரின் மேலறையை அளந்திருக்கிறேன். முந்தின மாதம் நெஞ்சை நிமிர்த்தி நடந்த மனிதர்கள்தான் அவர்கள் எல்லோரும்.

ஒருவழியாகச் சம்மதித்து மெஷினை மாட்டிக்கொண்டார். எங்கள் ஊர்க்காரர்களிடம் எனக்குத் தீராத ஒரு கோபம் உண்டு. சர்க்கரை சோதிக்கப் போவதென்றால் ஒரு வாரம் முன்பிருந்தே கடலை மிட்டாயைத் தொட மாட்டார்கள். காப்பியில் சீனி கிடையாது, சோறு கிடையாது, வாசலுக்கும் தெருவுக்கும் நடையோ நடை. சோதித்து முடித்து, நார்மல் என்ற சீட்டு கைக்கு வந்ததும் நேரே மிட்டாய்க் கடை. சோதனை என்றால் பரீட்சை, அதில் பாஸாக வேண்டும் என்பதுதான் எண்ணம். மாமா மட்டும் விதிவிலக்கா? மெஷின் மாட்டிய அன்று சலவை வேட்டி கட்டிக் கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. சைக்கிளைத் தொடவில்லை. கிரவுண்டுக்குப் போகவில்லை. பேப்பரில் ஹாக்கிச் செய்தியைக்கூட மனம் அலையக்கூடாதென்று மடித்து வைத்துவிட்டார். அத்தை, வந்தவர்களையெல்லாம் வாசலிலேயே நிறுத்தி, "இன்னைக்கு அவியகூடப் பேசக்கூடாது. நெஞ்சுல மெஷின் ஓடுது" என்று அனுப்பினார். மத்தியானம் எனக்குச் சாப்பாடு வராமல் நான் வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் இந்தக் கூத்தெல்லாம் தெரிந்தது.

பதிவில் ஒரு துடிப்புகூடத் தப்பவில்லை. "பாஸ்!" என்று மாமா தெருவுக்கே கடலை மிட்டாய் கொடுத்தார். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். படுத்தே கிடந்தவரின் துடிப்பு எதைச் சொல்லும்? இன்னொரு முறை மாட்ட வேண்டும் என்று நான் சொன்னபோது, "பாஸானவன மறுபடியும் எதுக்கும்மா எழுதச் சொல்லுத?" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். அத்தை ஒரு நாள் பட்டினி கிடந்து பார்த்தார். மாமா அசையவில்லை. நானோ சாப்பாடு கொண்டுவரும் அந்தச் செருமல் கொஞ்சம் தாமதித்தாலும் எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து நேரே கிரவுண்டுக்குப் போனேன். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் ஹாக்கி பார்க்கப் போனது அதுதான் முதல் தடவை. பசுவந்தனைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அணியும் எங்கள் ஊர் அணியும் ஆடிக்கொண்டிருந்தன. கோடை, கரிசல் தூசி முழங்கால் வரை பறந்தது. வீட்டில் செருமிச் செருமித் தண்ணீர் கேட்கும் மனிதரா இவர் என்றிருந்தது. பந்து போகும் இடமெல்லாம் பக்கவாட்டிலேயே ஓடினார். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் பந்தைத் தூக்கி அடித்தான். அது எதிரே நின்றவனின் முகத்துக்கு நேராகப் போக, அவன் குனிந்து தப்பித்துக்கொண்டான். அந்தக் கணமே விசில். மாமாவின் வலது கை விறைத்து மேலே நின்றது.

அடித்தவன் மட்டையை வீசாத குறை. "மாமா! யார் மேலயும் படலயே மாமா!"

"படட்டும்னு பாத்துக்கிட்டு நிக்கவால விசில் வச்சிருக்கேன்? போல அங்கிட்டு!"

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆட்டம் முடிந்து திரும்பும்போது மாமனார் சைக்கிளில் வர, மருமகள் ஸ்கூட்டரில் முந்திப் போக முடியாது என்பதால் அவர் சைக்கிளையும் நான் ஸ்கூட்டரையும் உருட்டிக்கொண்டு நடந்தோம். ரயில்வே கேட் அடைத்திருந்தது. மணியாச்சிப் பக்கம் போகும் வண்டிக்காக நின்றோம். மாமாவிடம் நேருக்கு நேராக நான் அவ்வளவு பேசியது அதற்கு முன்னால் கிடையாது.

"மாமா, அந்தப் பந்து யார் மேலயும் படல. பிறகு ஏன் ஊதினீங்க?"

"பட்டிருந்தா அந்தப் பய கண்ணு போயிருக்கும்லா?"

"டாக்டரம்மா சொன்னதும் அதத்தான மாமா. உங்க நெஞ்சுக்குள்ள பந்து மேல ஏறுது. நான் படத்துல பாத்தேன். படட்டும்னு என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியல."

வண்டி வந்து நீளமாகப் போனது. கேட் திறந்தது. எங்களுக்குப் பின்னால் எல்லோரும் ஹாரன் அடிக்க, மாமா நகராமல் நின்றார். "ஞாயித்துக்கிழம பைனல். அன்னைக்கு மாட்டிவிடு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அம்பயர் பனியனுக்குள் மெஷினை மாட்டிக்கொண்டு ஓடினார். ஓடிய நேரம் முழுக்கத் துடிப்பு வேகமாக, ஆனால் ஒழுங்காக இருந்தது. ஆட்டம் முடிந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் துடிப்பு கலைந்தது. கொஞ்ச நேரமில்லை, விளக்கு வைக்கும் வரை. காகிதத்தில் அந்தக் கோடு, குழந்தை கையில் பென்சில் அகப்பட்டது மாதிரி தாறுமாறாக இருந்தது. டாக்டரம்மா அதை மாமாவிடம் காட்டியபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"கண்மாயில தண்ணி வத்தும்போது அயிர மீனு துள்ளும்லா, அது மாதிரி இருக்கும். ஆடி முடிச்சு உக்காந்தா சில நாள் வரும்" என்றார்.

"எவ்வளவு நாளா அண்ணாச்சி?"

"ரெண்டு மூணு வருசமா."

"யார்ட்டயும் சொல்லலயே?"

மாமா கழுத்தில் கிடந்த விசிலை விரலால் உருட்டினார். "சொன்னா இதப் பிடுங்கிருவீங்கள்லா."

அவர் கட்டிலில் அசையாமல் படுத்துக் கிடந்த அந்த நாள் எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் அவருடைய அறியாமை என்று சிரித்திருந்தேன். அவர் தன் விசிலைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் பயந்தபடியேதான் நடந்தது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் ஹாக்கிப் பந்து பட்டால் உள்ளே கசியும் ரத்தம் நிற்காது. இனிமேல் கோட்டுக்கு உள்ளே இறங்கக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மாமா விசிலைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வாய் வைக்கும் இடம் ஈரமாக இருந்தது. அன்று நான் அழுததை அவர் பார்க்காதது போல வெளியே போய்ச் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். காற்று குறைந்திருக்கவே இல்லை.

மாத்திரை ஆரம்பித்த அன்று டாக்டரம்மா எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துச் சில அடையாளங்கள் சொன்னார். மாத்திரை போட்டாலும் பயம் அடியோடு போய்விடாது. வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா, ஒரு கை தூக்க வராமல் விழுகிறதா, பேச்சு குழறுகிறதா என்று கவனியுங்கள், ஒன்று தெரிந்தாலும் அப்போதே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார். மாமா வழக்கம்போலப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலை நான் சமையலறையில் இருந்தேன். நிலைப்படிக்கு அப்பால் செருமல். "அந்த விசிலக் கொஞ்சம் குடும்மா." கொடுத்தேன். ஒரே ஊது. தோசைக் கரண்டி என் கையிலிருந்து விழுந்தது. நிலைப்படியில் மாமா நெஞ்சை நிமிர்த்தி, வலது கையை விறைப்பாக உயர்த்தி நின்றுகொண்டிருந்தார்.

"வாய் கோணினா விசில் ஊத முடியாது. கை விழுந்தா தூக்க முடியாது. டாக்டரம்மா சொன்னது ரெண்டும் ஒரே நேரத்துல பாத்தாச்சா?" என்று இடது கையையும் ஒருமுறை தூக்கிக் காட்டினார். "சரியா இருக்கான்னு சொல்லு."

"சரியா இருக்கு மாமா."

"அப்ப மாத்திரையக் கொண்டா."

அன்றிலிருந்து அதுதான் எங்கள் வீட்டில் பொழுது விடிந்ததற்கு அடையாளம். அக்கம்பக்கத்தார் முதலில் சண்டைக்கு வந்தார்கள், பிறகு அந்தச் சத்தத்துக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பிவிட்டார்கள். அத்தைதான் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. "காலங்காத்தால இவியளுக்கு என்ன கூத்து? பஸ்ஸா கெளம்புது?" என்பார். ஆனால் மாமா ஊர் போய்விட்டு வரத் தாமதமான ஒரு காலையில், அத்தை மூன்று தடவை வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்துவிட்டுப் போனதை நான் பார்த்தேன். எனக்கும் மாமாவுக்கும் நடுவே இருந்த நிலைப்படியும் அப்படியே தேய்ந்து போனது. நான் உட்கார்ந்தே பேசப் பழகினேன். கிரவுண்டில் அவருக்கு ஓரமாக ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து, உள்ளே ஓடுகிற புது அம்பயர்களைக் கத்தித் தீர்ப்பார். வருடத்துக்கு ஒருமுறை சட்டையை அவரே கழற்றிவிட்டுப் படுப்பார். "பிடிங்க" என்று சொல்வதற்கு முன்னாலேயே, "விடச் சொல்ல மறந்துராத" என்பார். மேலறை அப்படியேதான் தொய்ந்து கிடந்தது. ஆனால் நாங்கள் பயந்தது வரவில்லை.

போன ஐப்பசியில் அடைமழை. கரிசல் முழுக்கச் சேறு. மழையில் நனைந்து வந்த மாமாவுக்குச் சளி பிடித்து, நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது. வயதும் எண்பதை நெருங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் கடைசிக் காலையில் நான் போனபோது முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் மாட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கண்ணால் என் கைப்பையைக் காட்டினார். கொண்டுபோயிருந்த விசிலை எடுத்து அவர் கையில் வைத்தேன். ஊத மூச்சு இல்லை. விரலுக்குள் மூடிக்கொண்டு, வலது கையை மெல்ல, முழங்கை மடங்காமல், நேராக உயர்த்தினார். பிறகு இடது கை. பிறகு பதிலுக்காக என்னைப் பார்த்தார்.

"சரியா இருக்கு மாமா" என்றேன். பொய்யில்லை. அவருடைய கையும் வாயும் கடைசி வரை அவருடையவையாகவே இருந்தன. சாயங்காலம் போய்விட்டார்.

இப்போதும் காலையில் தோசை ஊற்றும்போது என் காது நிலைப்படிக்குப் போய்விட்டுத்தான் திரும்புகிறது. அதனால்தான் விசிலை வீட்டில் வைக்காமல் இங்கே கொண்டுவந்து மாட்டினேன். நேற்று ஒரு பெரியவர் வந்திருந்தார். மேலறை பெரிது, சுவர் தொய்வு, ஈசிஜி ஒழுங்கு. எல்லாம் மாமா மாதிரியே. நெஞ்சில் மெஷின் மாட்ட வேண்டும் என்றதும், "எனக்குத்தான் ஒண்ணும் செய்யலயே, பிறகு என்னத்துக்கும்மா? சரி, மாட்டுத அன்னைக்கு எங்கயும் போகாம படுத்துக்கிடுதேன்" என்றார். உட்காருங்கள் என்று சொல்லி, மாமா கதையை முதலிலிருந்து சொன்னேன். வெளியே கூட்டம் இருந்தது. இருக்கட்டும் என்று சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கைப்பிடியைப் பார்த்தார்.

"இன்னும் ஊதுமா அது?"

எனக்கும் தெரியாது. மாமாவுக்குப் பிறகு யாரும் வாய் வைக்கவில்லை. கழற்றி, துடைக்காமலே ஊதினேன். அறை அதிர்ந்தது. டாக்டரம்மா திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். அவர் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். என் வலது கை விறைத்து மேலே நின்றுகொண்டிருந்தது.